பிளேன்டீயில் தோய்த்த இரும்புச் சத்து

திகனவில் வேலை பார்த்த மரக்காலையை விட்டுத் தெல்தெனிய பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பலகை தூக்கினால் மூச்சு வாங்கியது. அதனால் முதலாளி வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். மேட்டில் ஏறும்போது கண் இருட்டி ரோட்டிலேயே விழுந்தேன். பின்னால் வந்த பஸ் என் காலருகே வந்துதான் நின்றது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள்.

"என்னதான் திங்கிறீங்க தம்பி?" என்று தாதி கேட்டார்.

"மூணு வேளையும் பிஸ்கட்தான், மிஸ். இரும்புச் சத்து சேர்த்ததுன்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கு."

"எதுல தொட்டு?"

"பால் ஊத்தாத பிளேன்டீல. சாயம் கடுப்பா இருந்தாத்தான் பசி அடங்கும்."

"நல்லாருக்கு! அந்தச் சாயம் இரும்ப ஒடம்புல சேர விடாது. பிஸ்கட்டும் சோத்தோட சேர்த்துத் திங்கத்தான், சோத்துக்குப் பதிலா இல்ல."

பாக்கெட்டில் எழுதியிருந்தது பொய்யில்லை. அதை நம்பி நான் சோற்றை விட்டதுதான் பிழை. பக்கத்துக் கட்டிலில் என்னைப்போலவே வெளுத்துக் கிடந்தவரை அன்று மாலை முகத்தையும் மூடிப் போர்த்திக் கொண்டுபோனார்கள்.

வார்டிலிருந்து விட்ட மறுநாள் காலை, தெல்தெனியவில் ஒரு சோற்றுக் கடையில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். போனதும் கடை முதலாளி நானா பிளேன்டீயை நீட்டினார்.

"மொதல்ல சோறும் கீரையும் தாங்க நானா. தேத்தண்ணிய பொறகு தனியா குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினேன்.