அத்தை எழுதிய குடும்பம்

கணினி ஜன்னலோரத்துக்கு வந்தது. அம்மாவின் தையல் மெஷின் அடுப்படிக்குப் போனது. கூலாயில், தாமான் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான். சிங்கப்பூரில் அப்பா வேலை பார்த்த கிடங்கில் பழசு என்று ஒதுக்கிய பெட்டி அந்தக் கணினி. நண்பரின் வேனில், போர்வை சுற்றி, காய்ச்சல்காரரை அழைத்து வருவதுபோல நாட்டு எல்லைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் பாரித்த முகம். மூச்சுவிடும் சத்தம் கூடத்துக்கே கேட்கும். அம்மா அதன்மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடினார். மரியாதை ஒன்றுமில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

கணினி அத்தைக்காக வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அத்தையை அழைத்துப் போகவில்லை. வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அப்பாவும் அம்மாவும். மற்றதில் அத்தை, நான், தம்பி. மூவாரில் இருந்த பெரியத்தை, அப்பாவின் அக்கா, தன் சாப்பாட்டுக் கடைக்கு ஆள் போதவில்லை, தங்கச்சியை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அனுப்பிவிடலாம் என்று அம்மா சொன்னார். அப்பாவுக்குச் சோறு போடும்போது, அத்தை காதில் விழுகிற அளவுக்குச் சொன்னார்.

அத்தையோ, கடைவீதியில் ஒரு மாடியில் நடந்த கணினி வகுப்பில் சேர்ந்துவிட்டார். கடைசிப் பயிற்சியை நன்றாகச் செய்கிறவருக்கு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை தருவதாக வகுப்பு நடத்திய சீனர் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் இந்த வீடு. கிடைக்காவிட்டால் தீபாவளி கழிந்ததும் மூவார். அப்படித்தான் பேச்சு.

"என்ன படிக்கிற?" என்று அப்பா கேட்டார்.

"ஜாவா, அண்ணே."

"பொந்தியான் பக்கம் போனா பாதிப் பேரு ஜாவாக்காரங்க, அதத்தான் பேசுறாங்க. அதுக்குப் போயி பீஸ் கட்டுறியே லா."

அத்தை சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லாதவர்போல் இருந்தார் அந்த நாட்களில். நகலெடுத்த தாள்களை நான் வாசிக்க வேண்டும், அவர் தட்டுவார். புள்ளி, கமா, வளைந்த அடைப்பு, மறுபடி வளைந்த அடைப்பு. எனக்குத் தூக்கம் வரும். அரைப்புள்ளி ஒன்றை நான் விழுங்கிவிட்டால் திரை ஒரு வரி குற்றம் சொல்லும், குற்றம் நடந்த இடத்துக்குக் கீழே சின்ன அம்புக்குறி போட்டுக் காட்டும். பள்ளியில்கூட இப்படிக் காட்டிக்கொடுக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அத்தை எழுதியது ஆட்களைப் பற்றிய ஒன்று. முதலில், ஓர் ஆள் என்றால் என்னென்ன இருக்கும் என்று எழுதவேண்டும்: பெயர் இருக்கும், பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருக்கும். கணினி மொழியில் அதற்கு வகுப்பு என்று பேர். அவ்வளவு எழுதியும் அங்கே ஒருத்தரும் இல்லை. நிழல்கூட விழாது. 'புதிது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு, இரண்டு பெயரையும் கையில் கொடுத்துக் கூப்பிட்டால்தான் ஓர் ஆள் உண்டாவார். இன்னொரு முறை கூப்பிட்டால் இன்னோர் ஆள். பத்து மாதமும் வேண்டாம், மருத்துவச்சியும் வேண்டாம். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு காரியமும் சொல்லிவைக்கலாம். நீ என் குடும்பமா என்று பக்கத்து ஆளைக் கேட்கத் தெரிந்திருந்தது அத்தையின் ஆட்களுக்கு. பின்பெயர் ஒன்றாக இருந்தால் குடும்பம், இல்லாவிட்டால் இல்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

எழுதியதைச் சேமித்து, திரையிலேயே ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்து, இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றச் சொல்ல வேண்டும். அது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அப்படி இல்லை. பிறகுதான் ஓட்டுவது.

புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒழுங்காக வந்து வரிசையில் நின்றது. அப்பா, அம்மா, பிள்ளை, எல்லாருக்கும் ஒரே பின்பெயர்.

"நம்மளப் போடுங்க அத்தை, நம்மளப் போடுங்க!" என்று தம்பி குதித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை. அத்தை எங்களைப் போட்டார். ஐசி அடையாள அட்டையில் இருக்கிறபடியே போட்டார்: அப்பாவின் பெயர், பின்னால் தாத்தாவின் பெயர். அத்தையின் பெயர், பின்னால் அதே தாத்தா. எனக்கும் தம்பிக்கும் பின்னால் அப்பா. அம்மாவுக்குப் பின்னால், செடெனாக் தோட்டத்தில் இறந்துபோன அவருடைய அப்பா. சிமெண்டுத் தரையில் படுத்திருந்த அப்பாவை எழுப்பி, அம்மாவை அடுப்படியிலிருந்து இழுத்துவந்து, ஓட்டினோம்.

முதல் குடும்பம்: அப்பா, அத்தை. இரண்டாவது குடும்பம்: நான், தம்பி. மூன்றாவது குடும்பம்: அம்மா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அடடே, உன்னை மட்டும் தனியா விட்டுருச்சே!"

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பார்த்தார். "கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு."

"அண்ணி, அது பின்னால இருக்கிற பேர மட்டும்தான் பாக்குது. நம்ம ஆளுங்களுக்கு அப்பா பேருதானே வருது, அதனால…"

"எதுக்குமா சமாதானம்? அண்ணனும் தங்கச்சியும் ஒரு குடும்பம். சரியாத்தானே சொல்லுது."

"அலமாக், மெஷின் சொன்னதுக்கெல்லாமா கோவம்?" என்றார் அப்பா.

அம்மா உள்ளே போனார். அடுப்படியில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. மழையைவிட வேகமாக ஓடியது.

அந்த வாரம் முழுக்க அத்தை தாள்களைத் தொடவில்லை. தானே யோசித்து எழுதினார், அழித்தார், எழுதினார். வகுப்பில் போய் ஓட்டிக்காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், ஆள் என்றால் பெயரும் பின்பெயரும் போதாது, வீடும் வேண்டும் என்று சேர்த்தார். ஒரே வீட்டில் இருந்தால் ஒரே குடும்பம். சேர்த்ததும் திரை நிறையக் குற்றச்சாட்டு, வீட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று. மூன்று கேட்கிறேன், இரண்டுதான் தருகிறாய் என்றது அது. அத்தை பொறுமையாக ஒவ்வோர் ஆளாகப் போய் வீடு கொடுத்துவிட்டு வந்தார்.

"அண்ணி, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அம்மா வாயில் நூலைக் கடித்தபடி வந்தார். திரையில் கூலாய் என்று போட்டு அப்பா, அம்மா, நான், தம்பி. நால்வரும் ஒட்டி நின்றோம். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, மூவார் என்று போட்டு, அத்தை.

"அத்தை தப்பா அடிச்சிட்டாங்க! அத்தை தப்பா அடிச்சிட்டாங்க!" என்று நான் கத்தினேன். அவர் தவறு ஒன்றை நான் முதன்முதலாகக் கண்டுபிடித்தது அன்றுதான்.

அத்தை மௌஸின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மா திரைக் கண்ணாடியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது யாரு?"

"நான்தான் அண்ணி."

"எடு அத."

"இல்ல அண்ணி, வேலை கிடைக்கலன்னா எப்படியும்…"

"அது வேற பேச்சு. இப்ப எடுங்கிறேன்ல. நாளைக்கு அத்தன பேரு பாக்கப் போறாங்க. நாத்தனாரத் தனியா ஒதுக்கி வச்சிருக்கான்னு என்னைத்தானே பேசுவாங்க?"

வகுப்பில் யாருக்கும் அம்மாவைத் தெரியாது. ஆனாலும் அத்தை திரைப்பக்கம் திரும்பினார். அந்த ஊரை அழித்து எங்கள் ஊரைத் தட்டி, சேமித்து, ஓட்டினார். மறுபடியும் மூவார் என்றே வந்தது.

"இன்னும் அங்கேயே நிக்குது?" என்றார் அம்மா. குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

"பஸ்ஸு கிடைச்சிருக்காது," என்றார் வாசலில் இருந்து அப்பா.

அத்தை நெற்றியில் தட்டிக்கொண்டார். எழுத்தை மாற்றியது மட்டும் போதாது. இயந்திரத்துக்குப் புரியும்படி மறுபடி மாற்றிக்கொடுக்க வேண்டும். அதுவரை அது பழைய கதையைத்தான் சொல்லும். மாற்றினார். கறுப்புச் சன்னல் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டினார். ஐந்து பேர், நடுவில் இடைவெளி இல்லை. அம்மா கடைசி வரிவரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, சோறு போடுகிறேன் வாங்க என்று போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியதாம். ஆனால் வேலை, ஜோகூர் பாருவில் டிப்ளோமா படித்த ஒரு பெண்ணுக்குப் போனது. அத்தை அதைச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனார். தன் துணிகளைத் தனியாக அடுக்கினார்.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. மூவார் பெரியத்தை. அம்மாதான் எடுத்தார். நலம் விசாரித்தார், கடை வியாபாரம் கேட்டார், பிறகு குரல் மாறாமல் சொன்னார். "இல்லங்க அண்ணி. அவளுக்கு இங்க கம்ப்யூட்டர் வேலை இருக்கு. இப்போதைக்கு வரமாட்டா. நீங்க வேற ஆளு பாத்துக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேலைதான் கிடைக்கவில்லையே. வகுப்பிலிருந்து வந்ததும் எல்லார் முன்னாலும்தானே அத்தை சொன்னார்? அம்மா இப்படி முழுப்பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நேரே வாசலுக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன். அம்மா பொய் சொல்றாங்க, பெரியத்தைகிட்டப் பொய் சொல்றாங்க. அப்பா என்னை அதட்டவும் இல்லை, உள்ளே போய் அம்மாவைக் கேட்கவும் இல்லை. "சத்தம் போடாத," என்றுமட்டும் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். அறையில் அத்தை மடித்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மாவின் பொய் அவர் காதிலும் விழுந்திருக்கும். இருந்தும் அவரும் வந்து திருத்தவில்லை. ஓர் அரைப்புள்ளி போனால் அத்தனை பாடுபடுகிறவர், இதை எப்படி விட்டுவிட்டார் என்று எனக்குப் புரியவே இல்லை.