ரொட்டிக்காரர் சொன்ன நேரம்

பேக்கரியில் எல்லோரும் அவரை ரொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நேரத்துக்குக் கொடுத்த மரியாதையை அவர் தன் அப்பாவுக்குக்கூடக் கொடுத்ததில்லை. பிரெட் தட்டு அடுப்புக்குள் போனால் இருபத்தெட்டு நிமிடம். முதலாளியே வந்து, "அவசர ஆர்டர்ப்பா, ரெண்டு நிமிஷம் முன்னாடி எடுத்துடு" என்று கெஞ்சினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "உள்ள மாவா இருக்கும். வாங்கினவன் என்னைத்தான் திட்டுவான்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் சொந்தத் தங்கையிடம் வாய் கூசாமல் ஒன்பது விநாடி பொய் சொன்னார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். யாருக்கும் தெரியாததால், நம்ப வேண்டிய அவசியமும் வரவில்லை.

தங்கைக்கு அப்போது இருபத்தாறு வயது. போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி வருஷம். எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். மிச்சமிருந்தது உடல்தகுதித் தேர்வு. எண்ணூறு மீட்டரை நான்கு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதில் தேறியவர்களைத்தான் நீளம் தாண்டவே விடுவார்கள். இதில் தவறினால் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் இருந்தது.

பேக்கரி வேலை விடியற்காலை ஐந்து மணிக்கு முடியும். அடுப்பை அணைத்துவிட்டு, கைலி மடிப்பில் ஒரு பிடி மைதாவோடு ரொட்டிக்காரர் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவார். கோடு போட அந்த மைதாதான். சுண்ணாம்பு வாங்கக் கணக்குப் பார்த்த மனிதர், முதலாளி வீட்டு மாவில் தாராளமாக இருந்தார். கோட்டை நக்க நாய்கள் வரும். "ஓடுறதுக்குக் கோடு போடுறியா, நாய்க்குச் சாப்பாடு போடுறியா?" என்று தங்கை கேட்பாள். தினமும் ஒரே நேரத்துக்குத் தெருவைக் கடந்து ஓடியதால் அவளுக்கு 'ரயிலு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியாரிடம் வாங்கிய பழைய ஸ்டாப்வாட்ச் ஒன்று ரொட்டிக்காரர் கழுத்தில் ஷூ கயிற்றில் தொங்கும். முதல் வாரம் நாலு நிமிடம் இருபது விநாடி. அடுத்த வாரம் நாலு பத்து. அப்புறம் நாலு ஏழு, நாலு எட்டு, மறுபடி நாலு ஏழு. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று வாட்ச் அடம்பிடித்தது. மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு நாள் தங்கை கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலண்ணே. அப்பா பார்த்த மாப்பிள்ளைக்கே சரின்னு சொல்லிடறேன்."

மறுநாளும் நாலு ஏழுதான். மூச்சிரைக்க அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ரொட்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பொத்தானை அமுக்கி வாட்ச்சில் இருந்த நேரத்தை அழித்துவிட்டு, "மூணு ஐம்பத்தெட்டு" என்றார்.

அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மாவில் கொஞ்சம் ஈஸ்ட் போட்டால் தானாக உப்பி வருகிற மாதிரி, இந்தச் சந்தோஷத்திலேயே ஒரு வாரத்தில் அந்த ஒன்பது விநாடி குறைந்துவிடும், பொய்யும் நிஜமாகிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் தங்கை வேறு கணக்குப் போட்டாள்.

"ஓட்டம் கைக்குள்ள வந்துடுச்சுண்ணே. தாண்டறதுதான் இடிக்குது. இனிமே அதைப் பார்ப்போம்."

வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடினாள். மற்ற நாளெல்லாம் மணலில் குதித்தாள்.

"ஓடவும் ஓடும்மா" என்றார் ரொட்டிக்காரர்.

"நீதானே மூணு ஐம்பத்தெட்டுன்னு சொன்ன?"

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். பொய் சொன்னதைவிட, அன்றைக்கு மென்று முழுங்கியதை நினைத்துத்தான் பின்னால் அதிகம் வருத்தப்பட்டார். அதற்கப்புறம் மூணு ஐம்பத்தேழு, மூணு ஐம்பத்தாறு என்று பொய்யிலும் அவளை முன்னேற்றினார்.

தேர்வன்று மதில் சுவருக்கு வெளியே காத்திருந்தார். வெளியே வந்த தங்கையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாலு அஞ்சாம்ணே. வாட்ச் பிடிச்சவன் லேட்டா அமுக்கிட்டான். நான் கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிட்டேன், அவன் பராக்குப் பார்த்துட்டு இருந்தான்."

"ஆமாம்மா. அப்படித்தான் இருக்கும்" என்றார். அவள் பழகிய தாண்டலைக் கடைசிவரை யாரும் பார்க்கவில்லை.

ஆறு மாதத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நல்லவர், குறை சொல்ல முடியாது. சில வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தாள். நீலச் சட்டை, விசில், வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கும் வேலை. புதிதாக யார் சேர்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டாள். "எங்கண்ணன் வாட்ச் பிடிச்சா ஒரு நாளும் நாலைத் தாண்டினதில்ல." பன் கொடுக்க வந்த ரொட்டிக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். தலையாட்டித் தலையாட்டியே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது அவள் மகளுக்கு இருபது வயது. அதே வேலை, அதே எண்ணூறு மீட்டர். "நேரம் நீதான் பிடிக்கணும்ணே. வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்று தங்கை சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று. மைதாக் கோட்டைத் தாண்டி வந்த பெண், "எவ்வளவு மாமா?" என்றாள். அதே பார்வை. அவர் விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

"நாலு ஏழு" என்றார்.

தங்கைக்குச் சுருக்கென்றது. "மூணாவது வாரமே நான் மூணு ஐம்பத்தெட்டு ஓடினேன்டி. உனக்கு உடம்பு வளையல" என்று மகள் மேல் பாய்ந்தாள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளைத் திட்டாதேம்மா" என்றார் ரொட்டிக்காரர். "நீயும் நாலு ஏழுதான். ஒரு நாளும் நாலுக்குள்ள வரல. நான்தான் குறைச்சுச் சொன்னேன்."

தங்கை மகளை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "அஞ்சு வாரம் மணல்ல குதிச்சேனே. அப்போ ஓடியிருந்தா வந்திருக்குமாண்ணே?"

வந்திருக்காது என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் ஆறுதல், அவருக்கும் விடுதலை. நாக்கு நுனி வரை வந்தது.

"வந்திருக்கும்" என்றார்.

"வாட்ச் பிடிச்ச அந்த ஆளை இத்தனை வருஷமா திட்டிட்டேன்" என்றாள் தங்கை, மெதுவாக. அவர் கழுத்திலிருந்து வாட்ச்சைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மகளிடம், "மூச்சு வாங்கிட்டு மறுபடி ஓடு" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ போண்ணே. அடுப்புல ரொட்டி இருக்கும்."

அந்த நேரத்தில் அடுப்பில் எதுவும் இருக்காது என்பது இருவருக்கும் தெரியும். ரொட்டிக்காரர் போனார்.