தொங்கும் சக்கரத்தில் முறுக்கிய போல்ட்

நியூசிலாந்தில் எங்கள் தெருவில் சனிக்கிழமை காலை நடந்தால் கார்களுக்கு அடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு ஜோடி பல் மருத்துவருடையது. வந்த புதிதில் எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. எங்கள் ஊர் குன்னூரில், படித்தவன் ஒருவன் கையில் கிரீஸ் பட்டால் அவனுக்கு ஏதோ கஷ்டகாலம் என்றுதான் நினைப்பார்கள். சில வருடங்களில் நானும் அப்படிப் படுக்கப் பழகினேன். அதில் ஒரு கர்வமும் வந்துவிட்டது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, என் காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில், அதிர்வை வாங்கிக்கொள்ளும் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றிக்கொண்டிருந்தேன். அழுத்தி ஏற்றும் இயந்திரம் கிடையாது. நீளமான மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டு, ஒரு துண்டு இரும்புக் குழாய், சோப்புத் தண்ணீர், இவ்வளவுதான். பக்கத்து வீட்டு கிரெயாம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வேலிக்கு மேல் எட்டி “யூ ரைட்?” என்றார். சரியாகத்தான் செய்கிறாயா என்று கேட்பதாக நினைத்து, “யெஸ், ஐ ஆம் ரைட்” என்றேன். உதவி வேண்டுமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். நான் புஷ்ஷின் நடுவே போகும் போல்ட்டை இறுக்கப் போனதைப் பார்த்ததும் வேலியைச் சுற்றி ஓடி வந்து கத்தினார். முதலில் வண்டியைத் தரையில் இறக்கு, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்கு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துபோகும்.

அதற்கு முந்தைய விடுமுறையில் குன்னூரில் அக்கா வீட்டு வாசலில், மச்சானின் வேனுக்குச் சக்கரத்தைத் தொங்கவிட்டபடியேதான் இந்த போல்ட்டை இறுக்கியிருந்தேன். எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் அது.

அன்று மெக்கானிக் சேவியர் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார் மச்சான். அவர் வருவதற்குள் நானே ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க, குழாயும் மரைக்கம்பியும் வைத்துப் புஷ்ஷை ஏற்றினேன். சேவியர் அண்ணன் குனிந்து பார்த்து, “தம்பி, எல்லாம் சரிதானுங்க. அந்தக் கடைசி இறுக்கு மட்டும்…” என்று ஆரம்பித்தார்.

“நான் பாத்துக்கறேண்ணா. அங்கெல்லாம் இதுக்குப் போய் மெக்கானிக்கைத் தேட மாட்டோம்” என்றேன்.

அவர் சிரித்தபடி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். உண்மையில் அதுவரை நான் ஒரு புஷ்கூட மாற்றியதில்லை. ஆயில் மாற்றுவதும் பிரேக் கட்டை போடுவதும்தான் தெரியும். மற்றதெல்லாம் வீடியோவில் பார்த்தது.

கிரெயாம் போனதும் மச்சானுக்கு போன் செய்தேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

“நல்லா ஓடுதுங்க மாப்ள.”

“நான் போட்ட புஷ்?”

“அது… நீங்க திரும்பிப் போன மறு மாசமே வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சுங்க. பர்லியார் இறக்கத்துல கைக்கு அடங்கல. பள்ளத்துப் பக்கமே போயிருச்சு. புள்ளைங்களை எறக்கி விட்டு நடக்க வெச்சுட்டேன். சேவியர்தான் வந்து மாத்துனாரு.”

“ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?”

“ஆசையாச் செஞ்சீங்க. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு உங்கக்காதான் வேண்டாம்னுட்டா.”

அந்தப் பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருந்தது. அதைவிட, அக்கா என்னைத் திட்டவில்லை என்பதுதான் உறுத்தியது. சின்ன வயதில் அவளுடைய சைக்கிள் செயினை அறுத்ததற்கு முதுகில் அறைந்தவள் அவள்.

இந்த மே மாதம் ஊருக்குப் போனதும் சேவியர் அண்ணனின் ஷெட்டுக்குத்தான் முதலில் போனேன். மச்சானின் வேன் அங்கே ஏதோ வேலைக்கு நின்றது. “அண்ணா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. நீங்க சொல்ல வந்ததைக் கேட்டிருக்கணும்” என்றேன்.

“அட, அதையெல்லாம் யாருங்க சார் ஞாபகம் வெச்சிருக்காங்க?” என்றார்.

தம்பி என்றவர் சார் என்கிறார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டு, டீக்குச் சொல்லிவிட்டு, வேனுக்கு அடியில் மச்சானோடு படுத்துக்கொண்டார். “பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எங்கீங்க?” என்று மச்சான் அடியிலிருந்து கேட்டார். அது என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் குனிந்து எடுப்பதற்குள் சேவியர் அண்ணன் பதறி வெளியே ஊர்ந்து வந்து, “நீங்க உக்காருங்க சார், கையெல்லாம் கிரீஸாயிரும்” என்று அதை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.