நாலாவது வீட்டுக்குச் சாவி இல்லை

கங்கையம்மாளுக்குப் பூட்டின் மேல் இருந்த நம்பிக்கை மனுஷர் மேல் என்றைக்கும் இருந்ததில்லை. பம்மலில் மாமனார் விட்டுப்போன நெல்வயலில் வரிசையாக ஐந்து வீடு கட்டி, நாலை வாடகைக்கு விட்டு, முதல் வீட்டில் தானே காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். பால்காரன் தண்ணீர் கலக்கிறான், காய்காரி தராசை விரலால் அமுக்குகிறாள் என்று அவள் சந்தேகப்பட்டதில் பாதி நிஜமாகவும் இருந்து தொலைத்தது. வினையே அதுதான். பாதி பலித்தவளுக்கு மீதி பலிக்காமலா போகும்?

எண்பத்தேழில், அவளுடைய நாற்பத்தெட்டாவது வயதில், அரிப்பு வந்தது. முதலில் அக்குள், பிறகு மார்புக்குக் கீழே, அப்புறம் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடம். பின்கழுத்து பிசுக்குப் பிடித்த மாதிரி கறுத்தது. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காலில் ஒரு கட்டி உடைந்தால் பக்கத்தில் இன்னொன்று. மருந்துக்கடைக் களிம்பு நாலு நாள் அடக்கும், ஐந்தாம் நாள் இரண்டு பங்காகத் திரும்பும்.

சோப்பு மேல் சந்தேகம் வந்தது, மாற்றினாள். சலவைக்காரர் மேல் வந்தது, நிறுத்தினாள். அடுத்து அவள் கண் நாலாவது வீட்டு ஏசுபாதத்தின் மேல் விழுந்தது. அவனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சாயங்காலம் வந்ததும் பொதுக் கிணற்றடியில் இறைத்துக் குளிப்பான். மாட்டுத்தோலை ஊறப்போட்ட கை, அதே வாளி, அதே கயிறு, இங்கே தன் உடம்பில் அரிப்பு. வேறென்ன வேண்டும்? தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஒருநாள் காலையில் கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டுப் பூட்டினாள். மற்ற மூன்று வீட்டுக்கும் ஆளுக்கொரு சாவி. நாலாவது வீட்டுக்கு இல்லை.

"இன்னாக்கா இது? தண்ணிக்கு நாங்க எங்க போறது?" ஏசுபாதத்தின் மனைவி கிருபா குடத்தோடு நின்றாள்.

"தெருக்கோடில பம்பு கீதில்ல? உன் புருஷன் தோலு கழுவுன கைய என் கெணத்துல வெச்சிகினு இருப்பான், நான் சொறிஞ்சிகினு கெடக்கணுமா?"

கிருபா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று கங்கையம்மாள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கிருபாவும் இரண்டு பெண்களும் தெருப் பம்பில் வரிசையில் நின்றார்கள். அரிப்பு மட்டும் அசையவில்லை. கணுக்காலில் ஒரு புண் ஆறாமல் சீழ் வைத்த பிறகுதான் கங்கையம்மாள் தாம்பரத்துக்கு ஒரு லேடி டாக்டரிடம் போனாள். அவர் காலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மறுநாள் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுபோனதில் சில சொட்டை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கியதும் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"உங்களுக்கு சுகர் இருக்கும்மா. ரொம்ப அதிகம். அரிப்பு, கழுத்துக் கறுப்பு, இந்த ஆறாத புண்ணு, எல்லாத்துக்கும் அதான் காரணம்."

"நான் எட்த்தாந்தது டானிக் பாட்டிலு டாக்டரம்மா. இனிப்பு ஒட்டிகினு இருந்திருக்கும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே தன்னிடமிருந்த காலி பாட்டிலைக் கொடுத்தார். கம்பவுண்டர் மாற்றிவிடுவானோ என்று கங்கையம்மாள் அதில் பிடித்ததை யார் கையிலும் கொடுக்காமல், விளக்குப் பக்கத்திலேயே கண் கொட்டாமல் நின்றாள். மறுபடியும் செங்கல் நிறம்.

"அப்போ இது யார்கிட்டேர்ந்தும் ஒட்டிக்கினது இல்லியா?"

"ஒட்டிக்கறதுக்கு இது என்ன கண்ணுவலியா? எத்தனை வருஷமா உள்ள இருந்துதோ. இனிமே ஆயுசுக்கும் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கணும்."

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. சர்க்கரை வந்ததற்கல்ல. வந்ததும் வராததுமாகக் கிணற்றுப் பூட்டைத் திறந்து, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நாலாவது வீட்டுக்குப் போனாள். வாசலில் மூன்று சக்கர வண்டி நின்றது. வீட்டைக் காலி செய்து ஏசுபாதம் அதில் மூட்டைகளையும் பாத்திரங்களையும் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கிருபா, பூட்டத் தொறந்துட்டேன். எனக்கு சக்கரையாம். ஒங்க மேல தப்பு இல்ல."

கிருபா குடத்தைக் கீழே வைத்தாள். "ஏழு வருசமா அந்தத் தண்ணிலதான் குளிச்சோம்க்கா. எங்கூட்டுக்காரு மேலயோ இதுங்க மேலயோ ஒரு சொறி பாத்திருப்பீங்களா?"

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சின்னவளின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பொட்டுத் தழும்பு இல்லை. ஏழு வருஷம் தன் வாசலோடு ஓடிய கால்கள். கங்கையம்மாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வண்டி நகர்ந்தது. "உடம்பப் பாத்துக்குங்கக்கா" என்றாள் கிருபா.

அந்தச் சொல்லில் குத்தல் இருக்கிறதா என்று கங்கையம்மாள் வெகுநேரம் தேடிப்பார்த்தாள். இல்லை.