கருகமணி கட்ட வேண்டிய கை

என் தம்பி கல்யாணத்தில் கருகமணி கட்ட வேண்டியவள் நான். செய்யாறு பக்கத்து எங்கள் முஸ்லிம் வீடுகளில், பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான் பெண்ணின் கழுத்தில் தாலியாகக் கருகமணி கட்டுவாள். தம்பிக்கு நான் ஒருத்திதான் அக்கா. அவனைப் பெங்களூருக்குக் கூட்டிவந்து, என் வீட்டில் வைத்துச் சோறு போட்டு இன்ஜினியரிங் படிக்க வைத்தவள். ஜோகுபாளையத்தில் பெண் பார்த்து முடித்தவளும் நான்தான். அதுவரைக்கும் நான் வேண்டும். கட்டுவதற்கு மட்டும் கறிவேப்பிலையாக எடுத்துப் போட்டுவிட்டார்கள். என் கணவர் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிறது, அதுதான் நான் செய்த குற்றம்.

இந்தத் தம்பி இருக்கிறானே, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனதும் பெரிய மார்க்கவாதியாகிவிட்டான். வாரம் தவறாமல் பயான் என்று மார்க்கச் சொற்பொழிவு கேட்கப் போவான். எங்களைப் பெற்ற அத்தாவுக்கு, அவர் இறந்த நாளில் வருஷ பாத்திஹா ஓதக் கூடாது, நலங்கு கூடாது, சந்தனம் பூசக் கூடாது. எதைத் தொட்டாலும் நரகம் என்றான். அம்மா ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாள், குலவையை மட்டும் விடவில்லை. அடுக்குமாடிச் சங்கத்தார், கல்யாணம் நடக்கவிருந்த கிளப்ஹவுஸில் சத்தம் போடக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். அம்மா அசரவில்லை. ஊரில் பெரியம்மாக்களைக் குலவை போடச் சொல்லி போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டாள். மெதுவாக ஓடவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்பது அவள் கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா குலவையை நுழைத்த அதே இடுக்கு வழியாக, விதவை கை படக் கூடாது என்கிற பழக்கமும் பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டது என்பது கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

தம்பியிடம் நேராகவே கேட்டேன். எந்த ஹதீஸில் இருக்கிறது, நபிகள் நாயகம் முதலில் மணமுடித்ததே ஒரு விதவையைத்தானே என்றேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மார்க்கத்துல இல்லதான்க்கா. பொண்ணு வீட்டுல ஒரு மாதிரி நினைப்பாங்க. எதுக்கு ரிஸ்க்?"

ரிஸ்க்காம் ரிஸ்க். செத்துப்போன அத்தாவுக்கு ஒரு பாத்திஹா ஓதினால் நரகம், உயிரோடிருக்கும் அக்காவை ஓரங்கட்டினால் ஒன்றுமில்லை. நல்லாயிருடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

எனக்குப் பதிலாக என் சின்னம்மா மகளைப் பிடித்தார்கள். ஒக்கலிபுரத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறாள். புருஷன் குவைத்தில் இருக்கிறான் என்று சொந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறோம். இருக்கிறான், வேறொருத்தியோடு. தலாக்கும் சொல்லவில்லை, ஆறு வருஷமாக ஒரு போனும் இல்லை. இது அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் முதலில் என்னிடம்தான் சொன்னாள். அன்றைக்கு என் மடியில் படுத்து அழுதாள், நானும் அவளோடு அழுதேன்.

கல்யாணத்தன்று கிளப்ஹவுஸில் பெண்ணை உட்கார வைத்தார்கள். அம்மா என்னைத் தூணோரம் நிறுத்தி, போனைக் கையில் கொடுத்து, கட்டும்போது குலவையை ஓடவிடு என்றாள். எனக்குக் கிடைத்த வேலை அது. சின்னம்மா மகள் பட்டுப்புடவை சரசரக்க வந்து, கருகமணியை எடுத்துக் குனிந்தாள். பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னம்மா மகளின் கன்னத்தைத் தடவி, "உன்ன மாதிரியே எம்பொண்ணும் புருஷனோட நல்லா வாழணும்மா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கும் குவைத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க. இவ வாழ்ற லட்சணத்த அவனோட ரெண்டாவது பொண்டாட்டி சொல்லுவா" என்றேன்.

நான் கத்தவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பெண்ணின் அம்மா என் அம்மாவைப் பார்த்தாள், அம்மா தரையைப் பார்த்தாள். பெண்ணின் அம்மாவுக்கு அது போதும். சின்னம்மா மகளின் விரல்களைப் பிரித்து கருகமணியை வாங்கிக்கொண்டாள். இனி யார் கட்டுவது என்று பெண்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். மேக்கப் போட வந்திருந்த பெண், அடுத்த கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டே கருகமணியை வாங்கி, மற்ற நகைகளோடு அதையும் கொக்கி மாட்டி, முக்காட்டைச் சரிசெய்துவிட்டுப் பெட்டியை மூடினாள். அவளுக்குப் புருஷன் இருக்கிறானா செத்தானா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் குலவையை ஓடவிட்டாள்.

பிரியாணி பரிமாறும்போது சின்னம்மா மகள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னைச் சொல்லவில்லையடி, அவர்களைத்தான் சொன்னேன் என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது. அவள் என் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"மச்சான் மௌத்தானப்ப ஊரே வந்து உன்னக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சுக்கா. எனக்குன்னு அழுதவ நீ ஒருத்திதான். இன்னிக்கு நீயும் அவங்ககூடப் போயிட்ட."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?