கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தீபாவளி முடிந்ததும் மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில் நடந்தது இது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே, தாழ்வான இடத்தில் எங்கள் காலனி. நான் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தால், சாயங்காலம் வரை வண்டி என்னிடம்தான் நிற்கும்.

எங்கள் தெருவில் அநேகமாக எல்லாரும் சபைக்குப் போகிறவர்கள். ஆண்டவர் மறுபடி வரப்போகிறார், தமக்காகக் காத்திருப்பவர்களை ஒரு நொடியில் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் இங்கேயே விடப்படுவார்கள் என்பதில் அவர்களுக்குத் துளி சந்தேகம் கிடையாது. என் வீட்டுக்காரி அதில் முதல் வரிசை. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். மிச்சம் விழுகிற துண்டுத் துணியைக்கூட மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். யாரோடாவது வாய்த்தகராறு என்றால் பொழுது சாய்வதற்குள் போய்ப் பேசி முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். கேட்டால், "அவரு இன்னிக்கே வந்துட்டா?" என்பாள். நானும் பிறப்பால் கிறிஸ்தவன்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் மட்டும் தலைகாட்டுகிற ஆள். "உன் ஆண்டவரு நம்ம வூட்டு சிங்க்குல பாத்திரம் கீதான்னு பாக்கவா வர்றாரு?" என்று கிண்டல் செய்வேன். அவளும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இது நடப்பதற்கு முந்தின ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். பிரசங்கம் முழுக்க வருகையைப் பற்றித்தான். இரண்டு பெண்கள் மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், இன்னொருத்தி கைவிடப்படுவாள் என்று போதகர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு நல்ல தூக்கம். ஆனால் அந்த மாவு விஷயம் மட்டும் எப்படியோ காதில் ஏறிவிட்டது.

சம்பவத்தன்று மதியம் வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாசலில் அவள் செருப்பும் பிள்ளைகள் செருப்பும் கிடந்தன. உள்ளே ஃபேன் ஓடுகிறது. தையல் மிஷினில் ஊசிக்குக் கீழே ஒரு ஜாக்கெட் கை பாதியில் நிற்கிறது. மழை லீவு விட்டிருந்ததால் பிள்ளைகள் இரண்டும் வீட்டில்தான் இருக்க வேண்டும். தட்டில் பாதி சாப்பிட்ட சோறு இருக்கிறது, பிள்ளைகளைக் காணோம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவளுக்கு போன் போட்டேன். அது அலமாரி மேலேயே அடித்தது.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே கிரைண்டர் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாவு பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. தள்ளிவிட ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் சொன்ன அந்த மாவு விஷயம் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். என் இடத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரு முழுக்க ஓடினேன். வாசலுக்கு வாசல் செருப்பு கிடக்கிறது, ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. வந்துவிட்டார், எடுத்துக்கொண்டு போய்விட்டார், என்னை மட்டும் விட்டுவிட்டார்! பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட அவள் இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை. எத்தனை ஞாயிறு கூப்பிட்டிருப்பாள்! தெரு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

கடைசி வீட்டு வாசலில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. என்னோடு சீட்டு ஆடுகிற கூட்டாளி. ஒயின்ஷாப் திறப்பதற்கு முன்னாலேயே போய்க் காத்து நிற்கிறவன். பைக்கில் விழுந்து காலில் கட்டோடு இருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. ஊரில் அவனும் நானும்தான் மிச்சம் என்றால், அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"இன்னா மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கற? ஏரிக்கரை சரியுது! சபை மைக்குல சொன்னாங்க, போட்டது போட்டபடி எல்லாம் அங்க ஓடிக்கீறாங்க. பசங்கள ஸ்கூல் மாடில ஏத்திட்டாங்க. நான் இந்தக் கால வெச்சிகினு எங்க போவேன்?" என்றான்.

உலகம் முடியவில்லை, ஏரிதான் உடையப் போகிறது! அவனைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினேன். ஏரி உடைந்தால் முதலில் மூழ்குவது எங்கள் தெருதான் என்பது பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது.

மதகுக்குப் பக்கத்தில் கரை சரிந்து வாய் பிளக்க ஆரம்பித்திருந்தது. ஊர்த்தெரு ஆட்களும் காலனி ஆட்களும் தோளோடு தோள் உரச நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சேற்றுக்கு நடுவில், வெறுங்காலோடு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் வீட்டுக்காரி. அப்படியே தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. அவளுக்கு எங்கே தெரியும் என் பாடு?

"இன்னாய்யா வேடிக்கை பாக்கற? சாக்கு பத்தல. ரைஸ் மில்லுல காலி சாக்கு கீது, வண்டிய எடுத்துகினு ஓடு!"

வேன் ஓனர், சீட்டில் டீக்கறை பட்டாலே தாண்டிக் குதிக்கிறவர். அதெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை. முதல் நடையிலேயே கால்கட்டுக் கூட்டாளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் ஸ்கூலில் இறக்கிவிட்டேன். வண்டி நிறைய சாக்கு, அப்புறம் மண், மறுபடி மண் என்று அடித்தேன். சவுக்குக் கட்டைகளை நட்டு, தென்னை ஓலையைத் திணித்து, அதன் மேல் மூட்டை போட்டார்கள். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தோம். போட்ட மூட்டையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். மறுபடி போடுவோம்.

ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர், ஏரிக்குக் கீழே நெல் வைத்திருப்பவர், அவளுக்கு அடுத்து நின்றார். அந்த நேரத்திலும் அவருக்குக் குசும்பு. "இன்னாம்மா, உங்க சாமி வரப்போறாரு, எல்லாம் முடியப்போவுதுன்னு மைக்குல கத்தறீங்க. அப்பறம் கரைய எதுக்குக் கட்டறீங்க?" என்றார்.

"அவரு வர்ற நேரத்துல நாங்க கைய கட்டிகினு குந்திகினு இருந்தா, அவரு மூஞ்சிய எப்படி நைனா பாக்கறது? வேலை செஞ்சிகினு இருக்கறப்போ வந்தாதான் எங்களுக்கு மரியாதை. இந்த மூட்டைய புடிங்க!" என்றாள்.

வரிசையே சிரித்தது. பெரியவரும் சிரித்துக்கொண்டே மூட்டையை வாங்கினார். நான் சிரிக்கவில்லை. துண்டுத் துணியைத் திருப்பிக் கொடுப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் பயந்துபோய்ச் செய்வதாகத்தான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிற சந்தோஷத்தில் செய்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இருட்டுவதற்குள் தண்ணீர் நின்றது. கரை பிடித்துக்கொண்டது! அப்புறம் ஒரு மூட்டைகூட நகரவில்லை. அந்தப் பக்கம் "அரோகரா" என்று கத்தினார்கள், இந்தப் பக்கம் "அல்லேலூயா". நான் இரண்டுக்கும் சேர்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். ஏரித் தண்ணீர் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசற்படியைக்கூடத் தொடவில்லை.

திரும்பி வரும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ன வுட்டுட்டுப் போவ எனக்கு மனசு வருமாய்யா? அதுக்குத்தானே டெய்லி அவராண்ட கெஞ்சிகினு கீறேன்," என்றாள்.

அடுத்த ஞாயிறு, சபையில் அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் முதல் தடவையாக நானாக எழுந்து நின்றேன். கிரைண்டரையும் கூட்டாளியையும் ஒன்று விடாமல் சொன்னேன். போதகர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சேறு அப்பிய சீட்டைப் பார்த்து வேன் ஓனர் திட்டித் தீர்த்தார், அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

ஆண்டவர் என்றைக்கு வருவார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் வருகிறவர் என்னைத் தேடினால், நாலு பேரோடு சேர்ந்து ஏதோ ஒரு கரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன் என்கிற தைரியம் அன்றைக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை.