தனி அடுப்பு

எங்கள் அம்மாவும் சித்தியும் ஒரே அடுப்பில் சமைத்தது அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்போது நாங்கள் பென்னலூரில், கம்பெனி பஸ்கள் நின்று ஆளேற்றும் இடத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. தெற்கேயிருந்து முதலில் பிழைப்புக்கு வந்தவர்கள் சித்தியும் சித்தப்பாவும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பின்னால் அவர்களை நம்பி அப்பா, அம்மா, நான், தம்பி என நாலு பேரும் வந்து ஒட்டிக்கொண்டோம். சித்தி காலை ஷிப்ட் போனால் அம்மா உலை வைப்பாள். அம்மா போனால் சித்தி வைப்பாள். தம்பிக்குச் சோறு ஊட்டுவது மட்டும் எப்போதும் சித்திதான். அவள் இடுப்பில் ஏறினால்தான் அந்தத் துரைக்கு வாய் திறக்கும்.

தம்பிக்குக் காதில் ஓயாமல் சீழ் வடிந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் அந்தக் காது கேட்காமலே போய்விடும் என்றார் டாக்டர். அப்பாவுக்குக் காண்ட்ராக்ட் வேலை, இ.எஸ்.ஐ. கிடையாது. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் இலவசமாகச் செய்வார்கள். அந்த அட்டைக்கு ரேஷன் கார்டு வேண்டும். இங்கே ரேஷன் கார்டு வாங்க, ஊரில் தாத்தா கார்டில் இருந்த எங்கள் பெயர்களை நீக்க வேண்டும். அப்பா லீவு போட்டுப் போய் நீக்கிவிட்டு வந்தார். ஆக, அங்கேயும் நாங்கள் இல்லை, இங்கேயும் இல்லை.

விண்ணப்பித்த பிறகு வீட்டைப் பார்க்க ஓர் ஆபீசர் வந்தார். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், சித்தி தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் சமையல்கட்டை மட்டும் எட்டிப் பார்த்தார். "ஒரே அடுப்பா? அப்ப ஒரே குடும்பம். இந்த வீட்டுக்குத்தான் ஏற்கெனவே கார்டு இருக்கே" என்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அப்பாவின் போனுக்கு மெசேஜ் வந்தது: நிராகரிக்கப்பட்டது.

சரி, ஒரே குடும்பம்தான் என்றால் சித்தியின் கார்டிலேயே எங்களையும் சேர்த்துவிடுங்கள் என்று அப்பா ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசில் போய் நின்றார். அதெப்படிச் சேர்ப்பது, நீங்கள் வேறு குடும்பமாயிற்றே என்றார்கள். கேட்டீர்களா நியாயத்தை! தனியாகக் கேட்டால் ஒன்று, ஒன்றாகக் கேட்டால் தனி. இதற்கு ஒரு ஆபீஸ், ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன் வேறு.

வீட்டுக்கார அம்மாதான் வழி சொன்னாள். "இன்னாம்மா நீங்க, அக்கா தங்கச்சி சிரிச்சிக்கினு ஒண்ணா குந்திக்கினு இருந்தா எவன் குடுப்பான்? சண்ட போட்டுக்கினு பிரிஞ்சிட்டோம்னு சொல்லுங்க. எங்கிட்ட பழைய ஸ்டவ்வு ஒண்ணு கீது, எடுத்துக்கோ."

மாடிப்படிக்குக் கீழே, செருப்பும் சைக்கிளும் கிடந்த இடத்தைக் கழுவிவிட்டு அந்த அடுப்பை வைத்தார்கள். நாலு பாத்திரம், ஒரு டப்பா உப்பு. அதுதான் எங்கள் தனிச் சமையலறை. இரண்டு பேரும் சண்டையைப் பேசிப் பேசிப் பழகிக்கொண்டார்கள். "நான் ஏசும்போது நீ சிரிக்கப்பிடாது, பாத்துக்க" என்று சித்தி சொல்லுவாள். அம்மா அப்போதே சிரித்துவிடுவாள். எனக்கானால் திருவிழா மாதிரி இருந்தது.

மறுபடி விண்ணப்பித்தோம். அதே ஆபீசர்தான் வந்தார். மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்து, "இரவல் ஸ்டவ்வா? நாங்க பாக்காததா?" என்றார்.

சித்தி உடனே ஆரம்பித்தாள். "எத்தன நாளைக்கு சார் இவியளுக்கு வடிச்சுக் கொட்டுதது? கம்பெனி லைன்ல நின்னு நின்னு கால் வீங்கி வாரேன், இங்க வந்தா இவ பிள்ளையளுக்கும் நான்தான் ஆக்கணும்!" அருமையாக ஏசினாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது.

அவர் அசையவில்லை. "இதெல்லாம் எல்லா வீட்லயும் இருக்கறதுதாம்மா" என்று பேனாவை மூடினார். வாசலுக்குத் திரும்பிவிட்டார். அம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சித்தியின் சேலையைப் பிடித்தபடி நின்றான்.

"எப்பிடி சார் ஒண்ணா இருக்க முடியும்?" என்று அம்மா கத்தினாள். "பிள்ள இல்லாதவ இவ. இவ கண்ணு பட்டுத்தான் எம் பிள்ளைக்குக் காதுல சீழ் வைக்குது!"

பழகியபோது இந்த வசனம் வரவே இல்லை. அடுத்துச் சித்தி பேச வேண்டிய முறை. ஆபீசர் திரும்பி அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பேனாவைத் திறந்து எழுதினார். "இனிமேலாவது தனித்தனியா நிம்மதியா இருங்க" என்று புத்தி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கார்டு வந்தது, காப்பீடு வந்தது, ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது. தம்பிக்கு இன்று பாம்புச் செவி. சித்தியும் சித்தப்பாவும் கொஞ்ச நாளிலேயே சேரப்பணஞ்சேரிப் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையின் காதுக்காக ஒருத்தி தன் கூடப்பிறந்தவளையே அப்படிச் சொன்னால்தான் பேனா திறக்கும் என்று வைத்தவர்களைச் சொல்கிறேன். அவர்கள் வீட்டில் எத்தனை அடுப்பு என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

ஆபீசர் இரண்டாம் தடவை வந்துபோன அன்று ராத்திரி நானும் தம்பியும் வழக்கம்போல் தட்டைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம் போனோம். தம்பி இடுப்பில் ஏறக் கையை நீட்டினான். அவள் அவனைத் தூக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சோற்றைப் பிசைந்து, தடவித் தடவி அவன் வாயைத் தேடி ஊட்டினாள். இன்னும் நாடகம் ஆடுகிறாள் என்று நினைத்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அவரு எப்பமோ போயிட்டாரு சித்தி" என்றேன். "இனிமே நீ தம்பியப் பாக்கலாம்."